செம்புக்காகவே முளைத்த ஊர்: ஷ்பானியா தோலினா

கேள்வி இதுதான்: ஸ்லோவாக்கியாவில் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஒரு சிற்றூரின் வரலாற்றைச் சொல்ல முடியுமா? சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர் என்ன ஆனது?

ஸ்லோவாக்கியாவில் இப்படிப்பட்ட ஊர் ஒன்றிரண்டு அல்ல. பிரியெவிட்ஸா நகருக்குப் பக்கத்தில் கோஷ் என்று ஒரு கிராமம். அடியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டத் தோண்ட மேலே தரை தாழ்ந்து, ஊரின் ஒரு பகுதியையே இடித்து மக்களை வேறிடம் அனுப்பினார்கள். செய்திகளில் அதிகம் வருவது அதுதான். ஆனால் நான் சொல்லப்போவது ஷ்பானியா தோலினா. நிலக்கரியின் கதை நூறு, நூற்றைம்பது வருடத்தில் முடிந்துவிடுகிறது. இங்கே செம்பின் கதை பல ஆயிரம் வருடம் ஓடுகிறது. நடுவில் ஒரு கிளை நம் கேரளக் கரைப் பக்கமும் வந்து போகிறது.

நடு ஸ்லோவாக்கியாவில் பான்ஸ்கா பிஸ்த்ரிட்சா நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில், கடல்மட்டத்துக்கு 700 மீட்டருக்கு மேலே, மலை இடுக்கில் இருக்கிறது இந்த ஊர். இன்றைய மக்கள்தொகை இருநூறு சொச்சம். ஜெர்மானியர்கள் இதை ஹெரன்குருண்ட் என்றார்கள், ஹங்கேரியர்கள் ஊர்வொல்ஜ் என்றார்கள். பழைய ஆவணங்களைத் தேடுகிறவர்களுக்கு மூன்று பெயரும் வேண்டியிருக்கும்.

ஊரைப் பார்த்ததும் முதலில் தோன்றும் கேள்வி, இங்கே எதற்கு ஒருவன் வீடு கட்டினான் என்பதுதான். உழுவதற்குச் சமதளம் கிடையாது. ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வணிகப் பாதையும் ஊரைத் தொட்டுப் போகவில்லை. செங்குத்தான சரிவில் கல்லும் மரமுமாக வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே மலைக்கோயில் மாதிரி உயரத்தில் ஒரு தேவாலயம்; அதற்குக் கூரை போட்ட படிக்கட்டில் சுமார் 160 படி ஏறிப் போகவேண்டும். ஊருக்கு நடுவே மாக்சிமிலியன் குழியிலிருந்து எடுத்துக் கொட்டிய கழிவுக்கல் பெரிய குன்றாகக் குவிந்திருக்கிறது. சந்தைத் திடல் இருக்கவேண்டிய இடத்தில் கழிவுக்குன்று! அதனால்தான் 'பாதிக்கப்பட்ட' என்று நீங்கள் கேட்டதில் எனக்குச் சின்னத் தயக்கம். கோஷ், சுரங்கம் வருமுன்பே இருந்த விவசாயக் கிராமம். அதைச் சுரங்கம் பாதித்தது. ஷ்பானியா தோலினாவையோ சுரங்கமே உண்டாக்கியது. சுரங்கம் இல்லையென்றால் இந்த இடம் வெறும் காடு.

ஊருக்கு மேலே பியெஸ்கி என்ற பகுதியில் கல் சம்மட்டிகள் கிடைத்திருக்கின்றன. பிடி கட்டுவதற்காக நடுவில் வரி வெட்டிய கற்கள் அவை. எழுத்தோ அரசோ இல்லாத செம்புக் காலத்திலேயே இங்கே யாரோ தாது உடைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு நீண்ட மௌனம். இடைக்காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட ஹங்கேரிய அரசர்கள் ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்களை வரவழைத்துக் குடியமர்த்தியபோது இந்த வட்டாரம் மறுபடி விழித்தது. பொன்னுக்குக் கிரெம்னிட்சா, வெள்ளிக்கு ஷ்தியாவ்னிட்சா, செம்புக்குப் பிஸ்த்ரிட்சா என்று அங்கே இன்றும் ஒரு வழக்கு உண்டு. அந்தப் 'பிஸ்த்ரிட்சாச் செம்பு' உண்மையில் நகரத்தில் கிடைத்தது அல்ல. ஷ்பானியா தோலினா, ஸ்தாரே ஹோரி, பியெஸ்கி மலைகளின் வயிற்றிலிருந்து வந்தது. பேர் நகரத்துக்கு, பாடு கிராமத்துக்கு.

15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சுரங்கங்கள் படுத்துக் கிடந்தன. காரணம் தண்ணீர். மேலாக இருந்த தாது தீர்ந்து ஆழமாகப் போனதும் குழிகளில் நீர் நிறைந்தது, இறைக்க வழியில்லை. இந்த நேரத்தில்தான் யான் துர்ஸோ வருகிறார். கிழக்கே ஸ்பிஷ் வட்டாரத்துக்காரர், போலந்தின் கிராக்கோவில் செழித்த வணிகர். அவர் கையில் இரண்டு வித்தைகள் இருந்தன. ஒன்று, நீர் நிறைந்த சுரங்கத்தை வற்றச்செய்வது. இன்னொன்று அதைவிடப் பெரியது: செம்புக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளியைப் பிரிப்பது.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் பணமெல்லாம் இங்கேதான் இருந்தது. இந்த வட்டாரச் செம்புத் தாதில் சிறிதளவு வெள்ளியும் கலந்திருக்கும். செம்போடு ஈயத்தைச் சேர்த்து உருக்கி, வட்டுகளாக வார்த்து, பிறகு செம்பு உருகாத அளவுக்கு மட்டும் சூடேற்றுவார்கள். ஈயம் முதலில் உருகி ஒழுகும். வெள்ளிக்குச் செம்பைவிட ஈயத்தின்மேல் ஒட்டுதல் அதிகம். ஈயத்தோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அப்புறம் ஈயத்தைக் காற்றில் எரித்து நீக்கினால் வெள்ளி மிஞ்சும். இந்த முறை தெரியாத ஊரில், செம்பை விற்கிறவன் வெள்ளியையும் இலவச இணைப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

துர்ஸோவிடம் வித்தை இருந்தது, போதிய முதல் இல்லை. முதல் இருந்தது ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து யாக்கோப் ஃபுக்கரிடம். 1494-இல் இருவரும் கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். சுரங்கங்களை அப்போது வைத்திருந்த, ஹங்கேரியின் பேச் நகர ஆயரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். கூட்டு உடையாமல் இருக்க இரண்டு குடும்பங்களும் கொள்வினை கொடுப்பினையும் செய்துகொண்டன: துர்ஸோவின் மகன் ஃபுக்கர் வீட்டுப் பெண்ணைக் கட்டினார், பிறகு துர்ஸோ வீட்டுப் பெண் ஃபுக்கர் வீட்டுக்குப் போனார். காரைக்குடிப் பக்கத்து வாசகர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

ஐரோப்பாவின் மிகப் பெரிய செம்பு வணிகங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. பிஸ்த்ரிட்சாவிலிருந்து வண்டியில் மலை தாண்டிக் கிராக்கோ, விஸ்துலா ஆற்றில் கட்டான்ஸ்க் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் ஆண்ட்வெர்ப்; இன்னொரு பக்கம் தெற்கே வெனிஸ். 1519-இல் ஐந்தாம் சார்லஸ் புனித ரோமப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட, தேர்வாளர்களுக்குக் கொடுத்த பணம் சுமார் 8,50,000 கில்டர். அதில் பெரும்பங்கு ஃபுக்கர் கொடுத்த கடன். அந்தப் பெட்டிக்குள் இந்த மலைச் செம்பின் லாபமும் இருந்தது.

கேரளக் கரைக்கு இந்தக் கதை வருவது ஆண்ட்வெர்ப் வழியாகத்தான். அங்கே ஃபுக்கரிடம் செம்பு வாங்கிய பெரிய வாடிக்கையாளர் போர்த்துகல். கொச்சியில் மிளகு வாங்கப் போர்த்துகீசியர் கையில் கொண்டுவந்த முக்கியமான பண்டங்களில் ஒன்று செம்பு. பாத்திரத்துக்கும் நாணயத்துக்கும் இங்கே அதற்கு நல்ல கிராக்கி. 2008-இல் நமீபியக் கரையில், வைரம் தோண்டும் இடத்தில், ஒரு பழைய போர்த்துகீசியக் கப்பலின் சிதைவு அகப்பட்டது. 1533-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டுக் காணாமல்போன 'போம் ஜெசூஸ்' என்று கருதப்படுகிறது. உள்ளே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொற்காசுகள், யானைத் தந்தங்கள், கூடவே 1,800-க்கு மேற்பட்ட செம்புக் கட்டிகள். அரைக்கோள வடிவமுள்ள அந்தக் கட்டிகளில் ஃபுக்கரின் திரிசூல முத்திரை. அவற்றில் இருந்த ஈயத்தை ஆராய்ந்தபோது ஸ்லோவாக்கிய மலைத் தாதோடு ஒத்துப்போனது. எந்தக் கட்டி ஷ்பானியா தோலினாவில் எடுத்தது, எது பக்கத்து மலையில் எடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கொச்சிப் பாத்திரக் கடைக்கு வரவேண்டிய செம்பு அது என்பதில் பெரிய ஐயம் இல்லை.

சரி, இவ்வளவு பணம் புரண்டபோது தோண்டியவன் எப்படி இருந்தான்?

வெடிமருந்து வருவதற்கு முந்தைய காலம். சுரங்கத்தில் வெடிமருந்தைப் பயன்படுத்தியது பக்கத்து ஷ்தியாவ்னிட்சாவில் 1627-இல்தான் என்று பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்னால் உளியும் சுத்தியலும், அவற்றோடு நெருப்பும். பாறை முகத்தில் விறகை அடுக்கிக் கொளுத்தி, நன்றாகக் காய்ந்ததும் பாறை விரிசல் விடும். பிறகு உளியால் பெயர்ப்பார்கள். புகை முழுக்க உள்ளே. நாள் தொடங்குவதை அறிவித்தது மணி அல்ல, பலகை. 'க்ளோபச்கா' என்ற சிறு கட்டடத்தில் தொங்கும் மரப்பலகையைச் சுத்தியலால் தட்டி வேலைக்குக் கூப்பிடுவார்கள். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கட்டடம் ஊரில் இன்னும் நிற்கிறது.

கூலி நாணயமாகக் கிடைத்தது. அங்கேதான் வினை. 1520-களில் ஹங்கேரிய அரசு வெள்ளியைக் குறைத்து மட்ட நாணயம் அடித்து வெளியிட்டது. பழைய எண்ணிக்கையிலேயே கூலி, ஆனால் சந்தையில் அந்தக் காசுக்குப் பாதிப் பொருள்கூட வரவில்லை. விளைநிலம் உள்ள விவசாயி எப்படியோ சமாளிப்பான். ரொட்டி மாவு முழுவதையும் காசு கொடுத்து வாங்கும் இந்த ஊர்க்காரன் என்ன செய்வான்? 1525-இல் கலகம் தொடங்கியது. ஷ்பானியா தோலினாவில் கூடிய தொழிலாளர்கள் பிஸ்த்ரிட்சாவுக்குள் இறங்கினார்கள். அதே வருடம் அரசர் இரண்டாம் லாயோஷ் ஃபுக்கரின் சொத்தைப் பறிமுதல் செய்தார். அடுத்த வருடமே திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று. 1526-இல் கலகத்தை விசாரிக்க வந்தவர் இஷ்த்வான் வெர்பொட்சி, நாட்டின் பெரிய சட்ட அறிஞர். முடிவு தலைகளை வாங்கிய தீர்ப்பு. அந்த ஆகஸ்ட் 29-ஆம் தேதி மொஹாச் போரில் துருக்கியரிடம் தோற்று அரசரும் இறந்தார். நாடே கவிழ்ந்த வேளையில் சுரங்கத் தொழிலாளியின் கூலிக் கணக்கை யார் பார்த்தார்கள்? ஃபுக்கர்கள் 1546-இல் குத்தகையை விட்டுவிட்டுப் போனார்கள், அதற்குப் பிறகு சுரங்கம் ஹாப்ஸ்பர்க் அரசின் கைக்கு வந்தது. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஃபுக்கரோடு கதையை முடித்துவிடுகின்றன. என் கணக்கில் ஊரின் சுவையான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

முதலில் தண்ணீர் விவகாரம். குழிக்குள்ளே நீர் அதிகம், மேலே நீர் பஞ்சம். தாதைத் தூக்கவும், உடைக்கவும், அடியிலுள்ள நீரை இறைக்கவும் அந்தக் காலத்தின் முக்கியமான இயந்திரம் நீர்ச்சக்கரம்தான். சக்கரத்தைச் சுழற்ற இந்த மேட்டில் ஓடை இல்லை. ஆகவே தாழ் தாத்ரா மலைத்தொடரின் பிராஷிவா சரிவிலிருந்து 35 கிலோமீட்டருக்கு மேல் ஒரு வாய்க்கால் கொண்டுவந்தார்கள். மலைச்சரிவை ஒட்டி மெல்ல இறங்கும் மண் வாய்க்கால், பள்ளம் வந்தால் மரத்தொட்டிப் பாலம், பாறை வந்தால் வெட்டிய கால்வாய். மட்டம் கொஞ்சம் தவறினாலும் நீர் நின்றுவிடும், பனியில் உறையும், மரம் மக்கும். இதைப் பராமரிக்கவே தனியாக ஆட்கள். தடம் இன்றும் காட்டுக்குள் பல இடங்களில் தெரிகிறது, நடைப்பயணம் போகிறவர்கள் அதை ஒட்டியே போகிறார்கள்.

அடுத்தது காடு. நெருப்பு வைக்க விறகு, முட்டுக்கொடுக்க மரம், உருக்காலைக்குக் கரி என்று அருகிலுள்ள மலைகள் மொட்டையாயின. வெட்ட வெட்டக் காடு தள்ளிப்போயிற்று, வெட்டுகிறவர்களும் பின்னாலேயே போனார்கள். இன்று பனிச்சறுக்குக்குப் பெயர்போன தொனோவாலி, அப்படி மரவெட்டிகளும் கரி சுடுகிறவர்களும் குடியேறிய இடம்தான்.

இனி நான் சொல்ல ஆசைப்பட்டுக் காத்திருந்த விஷயம்: இரும்பைச் செம்பாக்கிய தண்ணீர்.

பழைய குழிகளில் செம்புத் தாது காற்றும் ஈரமும் பட்டுச் சிதையும்போது மயில்துத்தமாக மாறி நீரில் கரையும். நம் ஊரில் துருசு என்றும் சொல்வோம், திராட்சைத் தோட்டத்தில் சுண்ணாம்போடு கலந்து அடிக்கும் அதே நீல உப்பு. இந்த நீரில் இரும்பைப் போட்டால் இரும்பு கரைந்து போகும், அது விட்ட இடத்தில் செம்பு படியும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் நீலக் கரைசலில் ஆணியைப் போட்டு, அது சிவந்து வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஷ்பானியா தோலினாவில் 1605 முதல் இதைத் தொழிலாகவே செய்தார்கள். சுரங்கத்துக்குள் மரத்தொட்டிகள் வைத்து, நீரை அவற்றின் வழியே ஓடவிட்டு, பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டுவைப்பார்கள். நாளடைவில் இரும்பு மறைந்து, செம்பு சேறாகவும் செதிலாகவும் படியும். சுரண்டி எடுத்து உருக்குவார்கள். கணக்கும் லாபம்தான்: வேதியியல் கணக்குப்படி 56 பங்கு இரும்பு கரைந்தால் 63 பங்குக்கு மேல் செம்பு கிடைக்கும்.

அயனி, அணு எடை எதுவும் தெரியாத காலத்தில் இதைக் கண்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ரசவாதம் கைகூடிவிட்டது என்றுதான். 1669-இல் எட்வர்ட் பிரவுன் என்ற ஆங்கில மருத்துவர் இந்தச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்து, இரும்பு செம்பாகும் ஊற்றுகளைப் பற்றி எழுதினார். படித்த ஐரோப்பியர்கள் ஊரைத் தேடி வர அதுவும் ஒரு காரணம். ஊர்க் கைவினைஞர்களும் சும்மா இருக்கவில்லை. அந்தச் செம்பில் கிண்ணங்களும் குவளைகளும் செய்து, உள்ளும் புறமும் பொன்முலாம் பூசி, சிலவற்றில் தாது வெட்டும் குட்டிக்குட்டித் தொழிலாளிப் பொம்மைகளையும் வைத்து, ஜெர்மன் மொழியில் வாசகம் பொறித்து விற்றார்கள். அதில் ஒன்று தமிழில் இப்படி வரும்: 'இரும்பாய் இருந்தேன், செம்பாய் ஆனேன், வெள்ளி சுமக்கிறேன், பொன் என்னைப் போர்த்திருக்கிறது.' ஹெரன்குருண்ட் கிண்ணங்கள் என்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இவை இன்றும் இருக்கின்றன. சுற்றுலா நினைவுப்பொருள் வியாபாரம் நேற்று வந்ததில்லை!

19-ஆம் நூற்றாண்டில் நல்ல தாது அருகிப்போயிற்று. கடல் கடந்து சிலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மலிவாகச் செம்பு வந்து குவிந்தது. ஷ்பானியா தோலினாவில் 1888-இல் சுரங்கம் நின்றது. இருபதாம் நூற்றாண்டில் பழைய கழிவுக் குவியலிலிருந்து செம்பு பிரிக்கும் முயற்சியும் நடந்தது, ஆனால் ஊரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் அளவுக்கு அது இல்லை.

வயல் இல்லாத ஊரில் சுரங்கமும் போனால் எதைக் கொண்டு பிழைப்பது? ஆண்கள் காட்டு வேலைக்கும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். பெண்கள் கையில் பின்னல் இருந்தது. உருளைத் தலையணைமேல் மாதிரித் தாளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ் அது. சுரங்கக் குடும்பங்களில் பக்க வருமானமாக இருந்தது, சுரங்கம் நின்றதும் பல வீடுகளில் முக்கிய வருமானமானது. ஷ்பானியா தோலினா லேஸ் என்றே அதற்குப் பெயர். இன்றும் வயதான பெண்கள் பின்னுகிறார்கள், இளையவர்களுக்குக் கற்றும் தருகிறார்கள்.

ஆனாலும் ஊர் சுருங்கத்தான் செய்தது. பல வீடுகளை நகரத்துக்காரர்கள் வார இறுதி வீடாக வாங்கினார்கள். பழைய வீட்டை இடித்துக் கான்கிரீட் போட யாருக்கும் பணமும் தேவையும் இல்லாததால், சுரங்கத் தொழிலாளர் வீடுகள் அப்படியே தப்பின. வறுமையே பாதுகாவலன் ஆயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. அந்த வறுமையில் வாழ்ந்தவர்கள் இதை ரசிப்பார்களா என்பது வேறு விஷயம். 1979-இல் ஊரை நாட்டுப்புறக் கட்டடக்கலைப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தார்கள். செம்பு பற்றிய சிறு அருங்காட்சியகமும் இருக்கிறது.

இப்போது 'பாதிப்பு' என்ற உங்கள் சொல்லுக்கு வருகிறேன். காடு திரும்ப வளர்ந்துவிட்டது. கூலிச் சண்டை பழங்கதை. தீராமல் இருப்பது கழிவுக்குன்றுகள். தாதோடு சேர்ந்து வந்த ஆர்செனிக், ஆன்டிமனி, எடுக்காமல் விட்ட செம்பு எல்லாம் அந்தக் கற்களுக்குள்ளேயே இருக்கின்றன. மழை பெய்யும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணிலும் ஓடையிலும் கலக்கின்றன. இரும்பைச் செம்பாக்கிக் காட்டிய வேதியியலின் மறுபக்கம்தான் இது. நீலப் பச்சைப் படிவுகளைச் சேகரிக்கக் கனிம ஆர்வலர்கள் தேடி வருவதும் அதனால்தான். கோஷில் நிலக்கரி நிறுவனமும் அரசும் கண்முன்னே இருந்தன, இடித்த வீட்டுக்குப் பதில் கேட்க முடிந்தது. அந்த வட்டாரத்து நோவாகி சுரங்கமும் 2023 கடைசியில் நின்றுவிட்டது. ஷ்பானியா தோலினாவில் கழிவைக் கொட்டியவர்கள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. செலவு இன்றைய ஸ்லோவாக்கிய வரிப்பணத்தின் தலையில்.

நேரில் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. குன்றின்மேல் ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும், ஏறுவதில் தவறில்லை. பழைய குழிவாய்களுக்குள் மட்டும் வழிகாட்டி இல்லாமல் நுழையாதீர்கள். மலை ஊற்று என்று பார்த்த இடத்தில் குடுவையை நிரப்பாமல், பரிசோதித்த தண்ணீரா என்று உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள்.